மத்திக்கு இமை, கப்பைக்கு இலை

மட்டாஞ்சேரி
6.10.2003

அன்புத் தங்கை ராக்கம்மாளுக்கு நல்லசிவம் எழுதிக்கொண்டது.

முதலில் ஒரு வெட்கக்கேடு. ஊர்வாய் படகேறி வைப்பினுக்கு வந்து சேருமுன் என் கையாலேயே தெரிந்துகொள். ஐம்பத்திரண்டு வயதில், மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவின் அடையாள அட்டை சட்டைப்பையில் தொங்க, ஜூ டவுன் யூதர் தெருவில் ஃபயாஸ் நடத்தும் நெட் கஃபேயிலிருந்து நேற்று என்னை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம், துணியில்லாத பெண்கள்.

பதறாதே. நான் தேடியது மீன் தோல்.

‘பேசமாட்டேன் என்றால் பேசமாட்டேன்தான். ஆனால் திறக்கப்போகும் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு நோட்டீஸ் படம் வேண்டும்’ என்று நீ எழுதியது கிடைத்த அன்றே வேலையில் இறங்கிவிட்டேன். உன் மகள் அஞ்சுவின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மாளின் வளையலை நீ கண்ணாலேயே எடை போட்டதைப் பத்துப் பேர் நடுவில் நடித்துக் காட்டினேன், வாஸ்தவம். அதற்காக அம்மன் கோவிலில் கற்பூரம் அணைத்து, அண்ணனோடு ஒரு வார்த்தை பேசினாலும் நாக்கு அழுகட்டும் என்று சத்தியம் செய்தாயே, அது அதிகம். நல்லவேளை, அம்மனிடம் எழுதுகிற கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடப் படகுத் தூரத்துக்குத் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். சுஜித் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கணினியில் படம் வரைகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. புதிதாகக் கற்பவர்களுக்கானது. அதில் பிரஷ் என்று ஐந்து இருக்கின்றன. ஒன்றால் இழுத்தால் குண்டுக் கோடு, இன்னொன்றால் ஒல்லிக் கோடு, மற்றொன்று கொசு மருந்து அடித்த மாதிரி தெளிக்கும். இவற்றைக்கொண்டு ஒரு மத்தி மீன் வரைந்தேன். உன் அண்ணி சுமா எட்டிப் பார்த்து, “செருப்பு நல்லா இருக்குங்க, இன்னொரு கால் எங்கே?” என்றாள்.

சுஜித்திடம் போனில் கேட்டேன். “அப்பா, வேற பிரஷ் எல்லாம் நெட்டுல சும்மா கெடைக்கும். எறக்கிச் சேத்துக்கோங்க” என்றான். செதில் பிரஷ் கிடைத்தால் ஒரு இழுப்பில் செதில் வருமாம். இலை பிரஷ் கிடைத்தால் ஒரு அமுக்கில் இலை. ஆகவே ஃபயாஸ் கடையில் உட்கார்ந்து, இலவசம், தோல், பிரஷ் என்று மூன்று சொல்லை ஆங்கிலத்தில் தட்டினேன். திரை முழுக்கத் தோல்தான். ஒரு ஜன்னலை மூடினால் நாலு திறக்கிறது. பக்கத்துச் சீட்டில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்த லமியா, பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். ஃபயாஸ் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, எந்திரிங்க. குடும்பமா வர்ற எடமாக்கும் இது.”

“மீனுக்குத் தோல் தேடினேன் ஃபயாஸே.”

“இதைக் கண்டா மீன் மாதிரியா இருக்கு?”

அதற்குள் கண்ணில் பட்ட பிரஷ்களைச் சொன்னால் நீ சாப்பிடமாட்டாய். ரத்தத் தெறிப்பு, சீழ் வடியும் புண், பூஞ்சணம் பிடித்த சுவர், கரப்பான் கால், பிடுங்கிப் போட்ட நகம். இருபத்தாறு வருடமாக மட்டாஞ்சேரிச் சாக்கடைகளைக் குனிந்து பார்க்கிறவன் நான். நானே கண்ணை மூடிக்கொண்டேன். நான் பார்ப்பது சம்பளத்துக்கு. இதையெல்லாம் யாரோ சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஆசையாக உட்கார்ந்து வரைந்து, ஊருக்குத் தானம் வேறு செய்கிறார்கள். சீ!

உன் நோட்டீஸ் வந்துவிடும். கவலைப்படாதே.

நல்லசிவம்

*

வைப்பின்
10.10.2003

அண்ணனுக்கு ராக்கம்மாள் எழுதுவது.

உங்கள் அம்மணக் கதையை எழுதியிருக்கத் தேவையில்லை. லமியாவின் உம்மா படகில் வைத்தே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் பெண்கள் இன்னும் அதிகம்.

உங்களுக்கு எல்லாம் சிரிப்பு. எனக்கு அப்படி இல்லை. பதினேழு வருடம் இறால் உரிக்கிற செம்மீன் ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் கை விட்டு ஓடு கிள்ளியவள் நான். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறி, உரித்தால் செம்மீனோடு என் தோலும் வரும். எலுமிச்சை தேய்த்தாலும் சாம்பல் தேய்த்தாலும் அந்த நாற்றம் போகாது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீட் எப்போதும் காலி. அஞ்சு குழந்தையாக இருந்தபோது நான் பிசைந்த சோற்றை வாயில் வாங்கமாட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு மூக்கைப் பொத்துவாள். பெற்ற பிள்ளை. அதை எந்தச் சபையிலும் நடித்துக் காட்டிவிடாதீர்கள்.

ஷெட் மேஸ்திரி அப்பு சொல்லியிருக்கிறான், “ராக்கம்மா சேச்சி, கிறிஸ்துமஸ் வரைக்கும் உங்க எடத்துல வேற ஆளப் போடல. கடை ஓடலேன்னா தைரியமா வந்துக்கோங்க.” நல்ல மனதோடுதான் சொன்னான். அந்தத் தண்ணீரில் மறுபடி கை வைக்கக்கூடாது. படகு ஜெட்டிக்கு எதிரே கடை பிடித்தது அதற்காகத்தான். வேறு பேராசை ஒன்றும் எனக்கில்லை.

படம் இவ்வளவுதான்: ஒரு தட்டு, அதில் வேகவைத்த மரவள்ளிக் கப்பை, பக்கத்தில் மீன் கறி, சுற்றி நாலு கப்பை இலை. இதற்குச் சீமையிலிருந்து பிரஷ் எதற்கு? பள்ளிக்கூடச் சுவரில் கரிக்கட்டையால் ஹெட்மாஸ்டரை அச்சாக வரைந்து அடி வாங்கிய கைதானே அது? தீபாவளி கழிந்த திங்களன்று திறப்பு. அதற்குள் வேண்டும்.

ராக்கம்மாள்

*

மட்டாஞ்சேரி
17.10.2003

அன்புள்ள ராக்கு,

வெற்றி! சுமாவிடம் நோட்டீஸ் கட்டு கொடுத்தனுப்புகிறேன். எடை தாங்காமல் படகு ஒரு பக்கம் சாய்ந்தால் பிரஷ்களின் பெருமை என்று எண்ணிக்கொள்.

ஃபயாஸ் என்னை மறுபடி உள்ளே விட்டான், ஒரு நிபந்தனையோடு. தெருவைப் பார்த்த முதல் மேசையில், போகிற வருகிற எல்லோருக்கும் திரை தெரியும்படி உட்கார வேண்டும். ஜூ டவுனில் மிளகு மூட்டை இறக்குகிறவர்களிலிருந்து பழைய பித்தளை விற்கிறவர்கள் வரை நின்று பார்த்து யோசனை சொன்னார்கள். அப்படித் திறந்த வெளியில் பிறந்த கலை இது.

செதில் பிரஷ் கிடைத்தது. பாம்புக்காக யாரோ செய்தது. ஆனாலும் செதில் செதில்தானே? மத்தி, பாம்புச் சட்டை போட்டுக்கொண்டு கம்பீரமாகக் கிடக்கிறது. கண்தான் படுத்திவிட்டது. கண் பிரஷ் எதை எடுத்தாலும் இமை மயிர் நீள நீளமாக வருகிறது. ஒவ்வொரு மயிராக அழித்தேன். அழிப்பான் கண்ணையும் சேர்த்துத் தின்றது. திரும்பக் கண்ணை வைத்தால் திரும்ப மயிர். தட்டில் கிடக்கிற மீன் மயிர்க் கண்ணைத் திறந்து பார்க்கிற அந்தப் பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் மூன்று நாள் நான் வீட்டில் மீன் தொடவில்லை. சுமா பார்த்துவிட்டு, “இந்த மீனை ஏதோ கல்யாணத்துல பாத்திருக்கேன். பட்டுச் சேலை கட்டியிருந்துச்சு” என்றாள். வேறு வழியில்லை, விட்டுவிட்டேன்.

இலைக்காகத்தான் ரொம்ப அலைந்தேன். வெள்ளைக்காரனுக்கு மேப்பிள் தெரிகிறது, ஓக் தெரிகிறது, கப்பை தெரியவில்லை. கடைசியில் ஒரு தொகுப்பில் அகப்பட்டது பார், அச்சுக் கப்பை இலை! ஒரு காம்பு, விரித்த கை மாதிரி ஏழு விரல். ஓரத்தில் அரம் போலப் பல் இருந்தது. நம் ஊர்க் கப்பை இலைக்குப் பல் கிடையாதே என்று ஒரு நொடி யோசித்தேன். வெளிநாட்டு ரகம், இடத்துக்கு இடம் மாறும் என்று சமாதானமாகிவிட்டேன். அதே தொகுப்பில் புகை பிரஷ் ஒன்று, வட்டக் கண்ணாடி போட்ட சடைமுடித் தலை ஒன்று. யாரோ சாமியாரின் பக்தர் செய்தது போலிருக்கிறது. புகையைத் தட்டுக்கு மேலே ஆவியாக விட்டுவிட்டேன். இலையைத்தான் நாலோடு நிறுத்த மனம் வரவில்லை. சுற்றிலும் தோரணம் கட்டிவிட்டேன்.

கீழே மலையாளத்தில், ‘ஒருமுறை வந்தால் விடமாட்டீர்கள். ராக்கம்மா சேச்சியின் கடை, ஜெட்டிக்கு எதிரில்’ என்று போட்டிருக்கிறேன். ஃபோர்ட் கொச்சிப் பக்கம் நானே நாலு ஒட்டிவிடுகிறேன். நீ வாயைத் திறந்து பாராட்ட முடியாது என்பது தெரியும். எழுத்தில் பாராட்டு.

நல்லசிவம்

*

வைப்பின்
30.10.2003

அண்ணனுக்கு,

பாராட்டு வருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை கடை திறந்தேன். பத்து மணிவரை பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஜீப் வந்தது. எஸ்.ஐ. இறங்கினார், கையில் உங்கள் நோட்டீஸ். இரண்டு போலீஸ்காரர்கள் நேராக அடுக்களைக்குள் போய்க் கப்பை மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார்கள்.

“சேச்சி, எந்தா இது?”

“கப்பை, சாரே.”

“மூட்டையில் உள்ளது கப்பை. இந்தக் கடலாசில் உள்ளதோ?” என்று நோட்டீஸில் இலையைத் தொட்டுக் காட்டினார்.

“அதும் கப்பைதான் சாரே. கப்பை இலை.”

“இது கப்பை இலையெங்கில் ஞான் பிஷப்பாணு” என்றார். “ஒருமுறை வந்நால் விடமாட்டாராம். இது என்ன புகை? அந்த மீன் எதுக்கு அப்படி மயங்கி நோக்குது?”

அண்ணே, அது கஞ்சா இலையாம். ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை. ஜெட்டியில் நின்றவர்கள் எல்லோரும் கூடி விட்டார்கள். என்னை ஆள் தெரிந்த ஒரு போலீஸ்காரர், “இவங்க ஷெட்டில இருந்த ராக்கம்மா சேச்சி, ஒண்ணும் தெரியாது” என்று சொன்னதால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகவில்லை. மூட்டையில் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு, ஜெட்டிச் சுவரில் இருந்ததைக் கிழித்துவிட்டுப் போனார்கள். மிச்ச நோட்டீஸ்களைக் கட்டோடு நான் அடுப்பில் போட்டேன். அந்த மீன் எரியும்போதும் என்னையே பார்த்தது. அருவருப்பாக இருந்தது.

அன்றிலிருந்து ஒருத்தரும் வருவதில்லை. மீன்காரர்கள் வாசலோடு போகும்போது, “சேச்சி, ஒரு பொட்டலம்!” என்று கூவிவிட்டுச் சிரிக்கிறார்கள். பெண்கள் எதிர்ச் சாரியில் நடக்கிறார்கள். காலையில் வேகவைத்த கப்பை சாயங்காலம் நூல் விட்டு நாறுகிறது. அதை அள்ளிக் கொட்டும்போது ஷெட்டின் வாசனை வருகிறது.

நேற்று அப்பு ஆள் அனுப்பியிருந்தான், இடம் இருக்கிறதாம். இன்னும் பதில் சொல்லவில்லை.

ராக்கம்மாள்

*

மட்டாஞ்சேரி
4.11.2003

ராக்கு,

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஃபயாஸிடம் ஓடினேன். நோட்டீஸை அவன் அன்றுதான் முழுதாகப் பார்த்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அண்ணாச்சி, நம்ம தெருவுல எல்லாக் கடையிலயும் தொங்குதே, நீங்க பாத்ததே இல்லையா?”

பார்த்திருக்கிறேன், தாயே. அதுதான் கேவலம். ஜூ டவுனில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற பனியனிலும் தோள்பையிலும் இந்த இலை அச்சடித்துத் தொங்குகிறது. நம் கப்பைக்கு எவ்வளவு மரியாதை, தேங்காய்க்குக்கூட இல்லையே என்று இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன். நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆபீசில் வெங்கிடராமன் தினமும் என் மேசையில் ஒரு பீடியை வைத்துவிட்டு, “சார், உங்க கைராசியில சுத்திக் கொடுங்க” என்கிறான். அது எனக்கு வேண்டியதுதான்.

சனிக்கிழமை ஒரு கப்பைக் கொப்பை இலையோடு ஒடித்துக்கொண்டு படகேறி எஸ்.ஐ.யைப் போய்ப் பார்த்தேன். இலையை மேசையில் விரித்து, ஐயா, இதுதான் நான் வரைய நினைத்தது என்றேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார்.

“சார் எந்த டிப்பார்ட்மென்ட்?”

“சுகாதாரம்.”

“எங்கில் ஸ்டேஷன் பின்னால ஓடை நிறைஞ்சு கிடக்கு. அதைப் பாருங்க. படம் வரைய வேண்டா.”

பார்த்து, ஓடை அடைப்பைக் குத்திவிட்டு வந்தேன். அது என் எல்லையே இல்லை. போலீஸ் உன்னை இனித் தொந்தரவு செய்யாது. ஊர் வாயைத்தான் என்னால் குத்த முடியவில்லை.

திரும்பும்போது படகிலிருந்து உன் கடை தெரிந்தது. பெஞ்சுகள் காலி. கழுவின தட்டையே நீ திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாய். இறங்கி வரத்தான் நினைத்தேன். வந்தால் நான் பேசுவேன், நீ பேசாமல் நிற்பாய். ஜெட்டி முழுக்க வேடிக்கை பார்க்கும். உனக்கு ஒரு கூட்டம் போதும் என்று இறங்கவில்லை.

இலையே இல்லாமல், இமையே இல்லாமல் புது நோட்டீஸ் போடட்டுமா? கரிக்கட்டையால் வேண்டுமானாலும் வரைகிறேன். ஷெட்டுக்கு மட்டும் பதில் எழுதிவிடாதே.

நல்லசிவம்

*

வைப்பின்
28.11.2003

அண்ணனுக்கு,

நோட்டீஸ் வேண்டாம். எந்தப் பிரஷ்ஷாலும் வேண்டாம். கரிக்கட்டையும் வேண்டாம்.

கடை ஓடுகிறது. மூன்று வாரமாக வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். ஃபோர்ட் கொச்சியிலிருந்து படகில் வந்து இறங்கினதும் நேராக என் கடைதான். காலையில் எட்டுப் பத்துப் பேர், உச்சிக்கு மறுபடி ஒரு கூட்டம். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து நம் ஆட்களும் மெல்ல மெல்ல வரத் தொடங்கிவிட்டார்கள். பொட்டலம் கேட்டுக் கூவினவனே நேற்று இரண்டாவது தட்டு வாங்கினான்.

அவர்கள் தின்பதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. கப்பையை முள்கரண்டியால் குத்தி, மீன் கறியில் ஒரு சொட்டு தொட்டு, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகவிட்டு, அதே கையால் துடைத்து, அதே கையை எனக்கு நீட்டிக் குலுக்குகிறார்கள். ஒருத்தி மத்தியை முள்ளோடு வாயில் வைத்து, வேண்டாததையெல்லாம் வெளியே எடுத்து மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். சிரித்துக்கொண்டே அள்ளினேன். இந்த அருவருப்பு தேவலாம். ஐஸ் தண்ணீரில் இல்லை.

என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும்படி அப்புவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ராக்கம்மாள்

*

மட்டாஞ்சேரி
2.12.2003

அருமைத் தங்கை ராக்குவுக்கு,

படித்தேன், துள்ளினேன், சுமாவை எழுப்பிப் படித்துக் காட்டினேன். “அப்ப இனிமே ராக்கம்மாளுக்குப் படம் வரைய மாட்டீங்கதானே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள். அவளுக்குக் கலை புரியாது.

உனக்கு இன்னும் புரியவில்லையா? வெள்ளைக்காரன் வைப்பின் ஜெட்டியில் இறங்கி நேராக உன் கடைக்குள் எதற்கு வருகிறான்? இலை! ஃபோர்ட் கொச்சிச் சுவரில் நான் ஒட்டிய நோட்டீஸில் தன் சொந்த ஊர் இலையைப் பார்க்கிறான், ஆவலோடு படகேறுகிறான், வந்த இடத்தில் கப்பையைக் கண்டு ஏமாறுகிறான், பசிக்குத் தின்கிறான், ருசி பிடித்துப்போகிறது, நாலு பேரிடம் சொல்கிறான். போலீஸ் கிழித்ததை, நீ எரித்ததை, ஊர் சிரித்ததை எல்லாம் தாண்டி, ஒரு பிரஷ் உன் கடையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. பெண்கள் கூட்டத்துக்கு நடுவே நான் மானம் போகத் தேடியது வீண்போகவில்லை.

தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு இதையே கட்டுரையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நகைச்சுவைதான், ஆனால் முடிவில் படிப்பவர் கண் கசியும். உன் பெயரைப் போடலாமா என்று மட்டும் எழுது. என்னையும் கொஞ்சம் புகழ்ந்து இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் மேற்கோளாகப் போட்டுக்கொள்வேன்.

அப்புவுக்கு நீ சொல்லி அனுப்பியதைப் படித்தபோது மட்டும் எனக்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

நல்லசிவம்

*

வைப்பின்
6.12.2003

அண்ணனுக்கு,

பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். என் நடையை, என் கண்ணை, என் கையை மட்டும் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வாருங்கள். நான் பேசமாட்டேன், தட்டு வைப்பேன். மத்தி இருக்கும், இமை இருக்காது.

கட்டுரையில் ஒன்றைத் திருத்த வேண்டும். நீங்கள் ஃபோர்ட் கொச்சியில் ஒட்டிய நாலு நோட்டீஸையும் பசையின் ருசிக்காக அன்று சாயங்காலமே ஆடுகள் கிழித்துத் தின்றதை அஞ்சு கண்ணால் பார்த்திருக்கிறாள். உங்கள் இலையை எந்த வெள்ளைக்காரனும் பார்க்கவில்லை. படகில் வருகிறவர்கள் செராய் கடற்கரைக்குப் போகிறவர்கள். பஸ்ஸுக்காக ரொம்ப நேரம் ஜெட்டியில் நிற்கவேண்டும். உள்ளே வந்ததும் கொல்லைப்பக்கம் போய்விட்டு வருகிறார்கள், சும்மா போகக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிடுகிறார்கள்.

இந்த ஜெட்டியில் கக்கூஸ் உள்ள கடை என்னுடையது ஒன்றுதான்.

ராக்கம்மாள்